இடது கால்

ஜூலை 21, திங்கள்

என்னைப் புது டிரைவர் என்று எழுதிவிட்டார்கள். எனக்கு நடந்த அநியாயம் இதுதான். எழுதியவர் மேனேஜர் பூபதி. எழுதிய இடம், சங்ககிரி யார்டில் இன்று தொடங்கிய டிரைவர் பயிற்சியின் பெயர்ப் பட்டியல். பெயர் அத்தியப்பன். வயது ஐம்பத்தெட்டு. வகை: புதியவர்.

நான் முதன்முதலில் லாரியில் உட்கார்ந்தபோது இந்தப் பூபதி பிறந்திருக்கவில்லை.

நாளைக்கே லேபர் கோர்ட்டுக்குப் போனால் என்றைக்கு என்ன நடந்தது என்று தேதியோடு கேட்பார்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. மைல்கல்லிலும் கடைப் பலகையிலும் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தவன். லாரி ஓட்டக் கற்றதும் அப்படித்தான். எனக்கு ஆசிரியர் என்று சொல்லிக்கொள்ள எவரும் கிடையாது. அதனால் யாருக்கும் தட்சிணை பாக்கியும் கிடையாது.

விஷயம் இது. கம்பெனி பழைய வண்டிகளை எல்லாம் விற்கிறது. புதிதாக வந்திருப்பவை ஆட்டோ கியர் வண்டிகள். அதில் உட்கார வேண்டுமானால் கம்பெனிப் பயிற்சி முடித்த சர்டிபிகேட் வேண்டுமாம். மூன்று வாரம். தங்க இடம், சாப்பாடு, தினப்படி எல்லாம் கம்பெனி செலவு. கடைசியில் ஒரு டெஸ்ட். தேறாத பையன்கள் வீட்டுக்குப் போகலாம். நான் தேறாவிட்டால் கேட்டில் உட்கார்ந்து போகிற வருகிற வண்டிக்குக் கயிறு தூக்கிவிட வேண்டும்.

பூபதியிடம் நேராகவே கேட்டேன். "சிஸ்டத்துல ரெண்டே வகைதானுங்ண்ணா. சர்டிபிகேட் இருக்கறவங்க, இல்லாதவங்க. உங்களுக்குன்னு தனியா ஒரு கட்டம் போட முடியுங்களா?" என்றான்.

"போட்டா என்ன, பேனா தேஞ்சு போயிருமா?"

"கம்ப்யூட்டருங்ண்ணா. பேனா ஏதுங்க."

பாவாயி போன் செய்தாள். லோடு ஏற்றிவிட்டேன், நாக்பூர் போய்க்கொண்டிருக்கிறேன் என்று என் மனைவியிடம் சொன்னேன். வண்டி கொடுத்திருந்தால் அங்கேதான் போயிருப்பேன். ஆகையால் இதை முழுப் பொய் என்று சொல்ல முடியாது. எங்கள் மகுடஞ்சாவடி இங்கிருந்து டவுன் பஸ்ஸில் போய்விடுகிற தூரம்.

ஜூலை 22, செவ்வாய்

பயிற்சி கொடுக்கிறவர் பெயர் தணிகாசலம். வேலூர்ப் பக்கம். பட்டாளத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். என்னைவிட ஓரிரு வயது பெரியவராக இருக்கலாம். மீசைக்கு மை போடுகிறார். சர்க்கார் செலவில் ஓட்டக் கற்றவர், இப்போது கம்பெனி செலவில் கற்றுக்கொடுக்கிறார். தன் கையைக் கடிக்காமலே ஒரு மனிதர் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்.

மற்றவர்கள் எல்லாம் சின்னப் பையன்கள். ஆத்தூர்க்காரன் கவியரசு என்பவனுக்கு என் கட்டிலுக்குக் கீழ்க் கட்டில். பைக்கில் பார்சல் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தவன், ஹெவி லைசென்ஸ் எடுத்து வந்திருக்கிறான். என்னைப் பெரியப்பா என்கிறான். நான் கூப்பிடச் சொல்லவில்லை.

காலையில் இட்லி, மத்தியானம் முட்டையோடு சாப்பாடு. கற்றுக்கொள்வதற்குச் சோறும் போட்டுப் படியும் கொடுக்கிறார்கள். நான் கற்ற காலத்தில் டிரைவருடைய வேட்டியைத் துவைத்துப் போட்டால்தான் ஸ்டியரிங்கைத் தொட விடுவார்கள் என்று சாப்பிடும்போது சொன்னேன்.

"அப்ப மேனேஜர்கிட்டச் சொல்லி உங்களுக்கு மட்டும் ஒரு வேட்டி எடுத்துத் தரச் சொல்றேன் பெரியப்பா. ஆசை தீரத் தொவைங்க" என்றான் கவியரசு. எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பிறகு குளிக்கும்போது சிரிப்பு வந்தது. அது வேறு.

ஜூலை 24, வியாழன்

இன்று யார்டுக்குள் வண்டியைக் கொடுத்தார்கள்.

வண்டி நல்ல வண்டி. அதைக் குறை சொல்ல மாட்டேன். சீட்டு, ஏசி, பின்னால் படுக்கை எல்லாம் வீட்டில்கூட அப்படி இல்லை. கியர் கம்பி கிடையாது. ஒரு திருகு இருக்கிறது, அதைத் திருப்பிவிட்டால் வண்டியே கியர் மாற்றிக்கொள்கிறது. கீழே கிளட்ச் கிடையாது. ஆக்ஸிலேட்டரும் பிரேக்கும் மட்டும். இரண்டுக்கும் வலது கால்தான். இடது காலுக்கு வேலையே இல்லை.

எனக்கு முன்னால் ஓட்டிய பையன்கள் பயந்து பயந்து ஓட்டினார்கள். ஆனால் வண்டி தண்ணீரில் போகிற மாதிரி போனது. நான் ஏறி உட்கார்ந்ததும் எல்லோரும் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். எடுத்தேன். வேகம் கூடியது. என்ஜின் சத்தம் காதில் ஏறியதும் கியர் மாற்ற வேண்டிய நேரம் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது. இடது கால் தானாக எழுந்து கிளட்சை மிதித்தது. அங்கே கிளட்ச் இல்லை. பிரேக்கின் அகலமான கட்டைதான் இருந்தது. ஏர் பிரேக். வண்டி நட்டுவைத்த கல் மாதிரி நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தணிகாசலத்தின் கையில் இருந்த டீ முன் கண்ணாடிக்குப் போய்விட்டது.

மறுபடியும் எடுத்தேன். மறுபடியும் அதே.

"இன்னா தலைவரே, டீ வாணான்னா வாயால சொல்லலாமே" என்றார் தணிகாசலம்.

பிரேக் கட்டையை இவ்வளவு இடது பக்கம் தள்ளி வைத்தது கம்பெனிக்காரன் தவறு. இதையும் தேதியோடு குறித்துக்கொள்கிறேன்.

ஜூலை 25, வெள்ளி

இன்றும் அப்படியே.

ஜூலை 27, ஞாயிறு

விடுமுறை. துணி துவைத்தேன். முகம் மழித்தேன். கேட்டுக்கு எதிரே உள்ள டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது பாவாயி கூப்பிட்டாள்.

"எங்கிருக்கறீங்க?"

"நாக்பூர் தாண்டியாச்சு. மழை பெய்யுது."

அவள் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "ஏனுங்க, நாக்பூர்லயும் ஆடிக்குக் கூழு ஊத்தறாங்களா?" என்றாள்.

எனக்குப் பிறகுதான் உறைத்தது. டீக்கடைக்குப் பின்னால் மாரியம்மன் கோயிலில் மைக்செட் அலறிக்கொண்டிருந்தது. கூழ் வாங்குகிறவர்கள் வரிசையில் வர வேண்டும், பாத்திரம் கொண்டுவராதவர்கள் ஓரமாக நிற்க வேண்டும் என்று ஒருவன் கத்திக்கொண்டிருந்தான்.

"அது நம்ம மைக்செட்டுக் கந்தனோட தொண்டை. எனக்குத் தெரியாதா? போன வருசம் நம்மூருக்கு வந்து அவன் கத்தின கத்துல என்ற காதே போச்சு."

எழுந்து மைக்செட்டுக்கு முதுகைக் காட்டி நின்றேன்.

"சரி. மழையில நனையாம இருங்க" என்று வைத்துவிட்டாள்.

ஜூலை 28, திங்கள்

இடது கால் எழாமல் இருக்க நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். என் துண்டால் கணுக்காலைச் சீட்டின் இரும்புக் காலோடு சேர்த்துக் கட்டினேன். வேட்டி மறைத்துவிட்டது. யார்டை இரண்டு சுற்று வந்தேன். ஒரு குலுக்கல் இல்லை. பையன்கள் கை தட்டினார்கள்.

இறங்கச் சொன்னபோது மாட்டிக்கொண்டேன். முடிச்சு இறுகிவிட்டது.

தணிகாசலம் குனிந்து பார்த்தார். "இன்னாபா இது? உதைக்கிற மாட்டுக்குக் கட்ற மாதிரி கட்டிகினு இருக்க. வண்டி கவுந்துச்சுன்னா எப்டி வெளிய வருவ?"

"கவுந்தாப் பாத்துக்கலாமுங்க. நிக்காம ஓடுச்சா இல்லையா?"

அவர் முடிச்சை அவிழ்த்தார். பையன்களைத் தூரப் போகச் சொன்னார். கேபின் படியிலேயே உட்கார்ந்துகொண்டு பேசினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"இந்தப் பசங்களுக்குக் கத்துத்தர்றது ஈசி தலைவரே. காலியா வந்துகிறானுங்கோ. உன் காலு காலி இல்ல. முப்பது வருசமா அது ஒரு வேல செஞ்சிருக்கு. மூளையக் கேக்காமயே செய்யும். அத எப்டி நிறுத்தறதுன்னு எனக்குக் குடுத்திருக்கற புக்குல பாடமே இல்ல. இது ஒண்ணும் தெரியாதவனுக்காக எழுதின புக்கு."

"அதைத்தான் நான் மொதநாள்ல இருந்து சொல்றேன். நான் புதியவன் இல்லீங்கன்னு."

"புதியவனா இருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார்.

இதை அவமரியாதை என்று எடுத்துக்கொள்ளலாமா என்று மத்தியானம் வரை யோசித்தேன். முடிவு செய்யவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

கவியரசு காலையில் எழுந்ததும் சொன்னான்: "பெரியப்பா, தூக்கத்துல கட்டிலை ஒதைச்சுட்டே இருக்கீங்க. எந்த ஊரு மலை ஏறறீங்க? நானும் கீழ படுத்துட்டு உங்ககூடவே ஏறி எறங்கறேன்."

அவன் கட்டிலை மாற்றிக்கொள்ளச் சொன்னேன். வேண்டாம், பழகிவிட்டது என்றான். அவனுக்கு யார்டு ஓட்டம் முடிந்துவிட்டது. நன்றாக ஓட்டுகிறான். ஒரு தடவைகூட அவன் இடது கால் அசையவில்லை. ஓட்டும்போது என்ன யோசிப்பாய் என்று கேட்டேன். "எதை யோசிக்கணும்?" என்று திருப்பிக் கேட்டான்.

ஜூலை 31, வியாழன்

ரோட்டில் ஓட்டக் கொடுத்தார்கள். வைகுந்தம் டோல்கேட்டைத் தாண்டியதும் பின்னால் வந்த கார் ஒன்று லேசாக இடித்தது. அதன் முன் விளக்கு உடைந்தது. அவ்வளவுதான். பின்னால் வருகிறவன்தான் இடைவெளி விட்டு வர வேண்டும். சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

பூபதி கூப்பிட்டு விசாரிப்பான் என்று காத்திருந்தேன். கூப்பிடவில்லை. நானே போனேன்.

"அதெல்லாம் பேசி முடிச்சாச்சுங்ண்ணா. விளக்கு மாத்திக் குடுத்துட்டோம். நீங்க மனசுல வெக்காதீங்க" என்றான்.

"கம்ப்ளைண்ட் ஏதாவது எழுதிக் குடுத்தாங்களா?"

"எதுக்குங்ண்ணா அதெல்லாம். நல்ல மனுசங்க."

சாயங்காலம் செருப்பு வார் தைத்தேன். துண்டைத் துவைத்துப் போட்டேன். கவியரசு வலது முழங்கையில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வீக்கம் வடியவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

நேற்று முன்தினம் எழுதியது உண்மைதான். ஆனால் கோர்ட்டில் முழுவதும் சொல்ல வேண்டும் என்பார்கள். ஆகையால் எழுதுகிறேன்.

வண்டியின் முன்னாலும் பின்னாலும் 'பயிற்சி வண்டி' என்று பலகை கட்டியிருந்தது. மகுடஞ்சாவடி வழியாகப் போகச் சொன்னார்கள். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது முகத்தைத் துண்டால் துடைக்கிற மாதிரி மறைத்துக்கொண்டேன். ஒற்றைக் கையால் ஓட்டினேன். யாரும் பார்க்கவில்லை. திரும்பி வரும்போது மனது லேசாக இருந்தது. வைகுந்தம் டோல்கேட் தாண்டி, கால் மறந்துபோன மாதிரி, நன்றாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். தணிகாசலம்கூட "அப்டித்தான்" என்றார்.

முன்னால் போன டிராக்டர் திடீரென்று வேகம் குறைத்தது. யோசிக்க நேரம் இல்லை. யோசிக்க நேரம் இல்லாதபோது உடம்பு பழையதைத்தான் செய்கிறது. வலது கால் பிரேக்குக்குப் போனது, அது சரி. இடது காலும் சேர்ந்து இறங்கியது, கிளட்ச் என்று நினைத்து, அடிவரைக்கும். வண்டி நின்ற வேகத்தில் பின் படுக்கையில் உட்கார்ந்திருந்த கவியரசு முன்னால் வந்து விழுந்தான். பின்னால் டமார் என்று கேட்டது.

காரில் புருஷன், பெண்டாட்டி, நாலு வயது இருக்கும் ஒரு பெண்குழந்தை. குழந்தை முன் சீட்டில் அம்மா மடியில் நின்றுகொண்டு வந்திருக்கிறது. உதடு கிழிந்துவிட்டது. புதுப் பாவாடை, மஞ்சள் நிறம், அதன் மேலே ரத்தம். அந்தக் குழந்தை அழவில்லை. வாயை மூடிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த மனிதர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன், அதோடு போயிருக்கும். பலகையைப் பார்த்தார். என் தலைமுடியைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "குறுக்க ஏதாச்சும் வந்துருச்சுங்களா? நாயிங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. நாய்" என்றேன்.

நாய் இல்லை.

தணிகாசலம் பக்கத்தில்தான் நின்றார். பேண்ட் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டு, சாவியைக் கேட்டு என்னிடம் கை நீட்டினார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. எல்லாப் பையன்களும் ஆற்றுக்குப் போய்விட்டார்கள். கேட்டில் யாரோ என்னைத் தேடி வந்திருப்பதாகச் சொன்னார்கள். போனால் பாவாயி. கையில் தூக்குப் போசி.

"நாக்பூருக்கு நேரா பஸ் இருக்குதுன்னு தெரியாமப் போச்சு. தெரிஞ்சிருந்தா முன்னாலயே வந்திருப்பேன்" என்றாள்.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். எலுமிச்சைச் சாதமும் தேங்காய்ச் சாதமும் கொண்டுவந்திருந்தாள். எப்போது தெரியும் என்று கேட்டேன். முதல் நாளே தெரியுமாம். பூபதியின் அம்மா எங்கள் ஊர் ரேஷன் கடையில் சொல்லியிருக்கிறாள்.

"ஊரே பேசுமே" என்றேன்.

"பேசியே முடிச்சுட்டாங்க. இப்ப வேற ஆளப் பத்திப் பேசிட்டிருக்காங்க."

பிறகு அந்தக் காரைப் பற்றிச் சொன்னேன். நாயைப் பற்றியும் சொன்னேன். சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டாள். பாவாயிக்குக் கோபம் வந்தால் பேச்சு குறையும்.

"அந்தப் புள்ளைக்கு இப்ப எப்படி இருக்குது?"

"தெரியல."

"விசாரிக்கலையா?"

"பூபதி பேசி முடிச்சுட்டான்."

"நான் பூபதியைக் கேக்கல."

போகும்போது தூக்குப் போசியைக் கழுவி எடுத்துக்கொண்டாள். "வண்டி இல்லாட்டி வீட்ல இருக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். ரெண்டு நாள் இருந்தாலே ஓட்டைப் பிரிச்சு மேயறேன்னு ஏறிருவீங்க. ஆனா இந்தக் காலை வெச்சுட்டு நீங்க கெளம்பிப் போனீங்கன்னா நான் எப்படிங்க தூங்கறது? இத்தன வருசம் எதுத்தாப்பல வர்றவனை நெனச்சுத்தான் பயந்தேன்" என்றாள். பஸ் வந்துவிட்டது.

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று என்னை ஓட்டச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பூபதியிடம் அந்தக் கார்க்காரர் நம்பரை வாங்கினேன். இரண்டு தடவை கேட்டுத்தான் கொடுத்தான். போன் செய்தேன். உதட்டில் தையல் போட்டிருக்கிறார்களாம். "ஐஸ்கிரீம் நெறையக் கெடைக்குதுன்னு சந்தோசமா இருக்குறாளுங்க" என்றார். அந்தக் குழந்தையின் பெயர் இனியா. நாயைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். அவர், "நாயிக்கு ஒண்ணும் ஆகலைங்களே?" என்று அவராகவே கேட்டுவிட்டார். வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையில் பூபதி என்னை ஏசி ரூமுக்குள் கூப்பிட்டு நாற்காலி போட்டான். டீ வந்தது. பிஸ்கட்டும் வந்தது. அப்போதே எனக்குச் சந்தேகம்.

வடக்கே விரதக் காலமாம், விரதம் இருக்கிறவர்கள் ஜவ்வரிசிதான் சாப்பிடுவார்களாம். ஜவ்வரிசி லோடு குவிந்து கிடக்கிறது. வண்டிகள் நிற்கின்றன, டிரைவர்கள் போதவில்லை. நாளைக்கே இந்தூருக்கு ஒரு வண்டி போக வேண்டும்.

"அண்ணா, நீங்க கேட்டதைச் செஞ்சாச்சுங்ண்ணா. உங்க ஒருத்தருக்காகச் சேலம் ஆபீஸ் வரைக்கும் பேசி, புதியவர்ங்கறதை எடுத்தாச்சு. பாருங்க" என்று கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினான். அத்தியப்பன். வகை: அனுபவம் மிக்கவர். பயிற்சி: முடித்தவர். டெஸ்ட் தேவையில்லை. எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தேன்.

நான் வந்த நாளிலிருந்து கேட்டது இதைத்தான். பொய் சொல்ல மாட்டேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. முதுகு நிமிர்ந்துவிட்டது.

"ரெண்டாவது டிரைவரா கவியரசைப் போட்டிருக்கறேன். பையனுக்கு டெஸ்ட்டை முன்னாலயே வெச்சுட்டோம், பாஸ். நீங்க ஓட்டறப்ப அவன் தூங்கிக்குவான், அவன் ஓட்டறப்ப நீங்க தூங்கிக்குங்க."

வெளியே வந்தால் கவியரசு பையை எல்லாம் கட்டி வைத்துவிட்டு நிற்கிறான். வீட்டுக்குப் போன் பேசிக்கொண்டிருந்தான். "இல்லம்மா, தனியா இல்ல. பெரியப்பாகூடத்தான். ஆமா, முப்பது வருச அனுபவம். நான் பின்னால நிம்மதியாத் தூங்குவேன்" என்றான். என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். முழங்கையில் இன்னும் கட்டு இருந்தது.

தணிகாசலம் யார்டின் கடைசியில், டயர் அடுக்கியிருக்கும் இடத்தில் நின்றார். கையில் என் சர்டிபிகேட். அடியில் அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது.

"போடச் சொல்றாங்கோ" என்றார். "நான் போடல. அதுக்காக உன்னைத் தடுக்கவும் இல்ல. உன் காலு உனக்குத்தான் தெரியும். நீ போடுன்னா போடறேன். சொல்லு."

இப்படி ஒரு ஆள் கேட்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. போட மாட்டேன் என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். போட்டுக் கொடுத்திருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

"சாவியைக் குடுங்க. பக்கத்துல ஒக்காருங்க. நான் எதிர்பாக்காத நேரத்துல கத்துங்க" என்றேன்.

காலி யார்டில் ஓட்டினேன். கொஞ்ச நேரம் அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வேலூரில் பெண்ணுக்கு வீடு கட்டுவதைப் பற்றிப் பேசினார். சிமெண்டு விலை கேட்டேன். சொல்லிக்கொண்டே வந்தவர், "ஏய்!" என்று கத்தினார். வலது கால் மட்டும் இறங்கியது. வண்டி அழகாக நின்றது. மறுபடியும் போனோம். மறுபடியும் கத்தினார். சரியாகத்தான் நின்றேன். எனக்குத் தைரியம் வந்தது. மூன்றாவது தடவை, கத்தாமல் என் தோளைப் பிடித்து உலுக்கினார். இடது கால் எழுந்து இறங்கியது. அடிவரைக்கும். பின் படுக்கையில் இருந்த தண்ணீர் பாட்டில் பறந்துவந்து கண்ணாடியில் அடித்துக் கீழே உருண்டது.

என்ஜினை நிறுத்தினேன். இரண்டு பேரும் அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"போடாதீங்க" என்றேன்.

ஆகஸ்ட் 6, புதன்

பூபதியிடம் போய், நான் இந்தூர் போகவில்லை என்றேன். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்னங்ண்ணா இது? புதியவர்னு போட்டா அநியாயம்ங்கறீங்க. எடுத்தாலும் அநியாயம்ங்கறீங்க. உங்களுக்கு என்னதான் வேணும்?"

"ரெண்டும் அநியாயம்தான். அன்னைக்கி முப்பது வருசம் ஓட்டினவனை ஒண்ணுந் தெரியாதவன்னு எழுதின. இன்னைக்கி கத்துக்காதவனைக் கத்துக்கிட்டவன்னு எழுதற. அன்னைக்கி எழுதினது எனக்கு மட்டுந்தான் கெடுதல். இது என்ற பின்னால தூங்கறவனுக்கு."

"எத்தனை பேருக்குச் சும்மா குடுத்திருக்கறோம். யாராச்சும் இப்படிப் பேசினாங்களா?"

அவன் சொன்ன பிறகுதான் அவனுக்கே கேட்டது என்று நினைக்கிறேன். டீ டம்ளரை எடுத்து இன்னொரு பக்கம் வைத்தான்.

"எத்தனை பேருக்கு?" என்றேன்.

"அப்ப நாளையில இருந்து கேட் டூட்டிதானுங்ண்ணா" என்றான்.

கவியரசுக்குக் கோபம். வேறு ஒரு டிரைவரோடு மத்தியானம் கிளம்பிவிட்டான். ராசிபுரத்துக்காரர், முந்தின பேட்சில் டெஸ்ட் ஓட்டித் தேறியவர்தான், தணிகாசலத்திடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். "என்கூட வரப் புடிக்கலைன்னா நேராச் சொல்லியிருக்கலாம்" என்றான் பையன். சொல்லியிருக்கலாம். வண்டி கேட்டைத் தாண்டும்போது கயிற்றைத் தூக்கிவிட்டது நான்தான். ஒரு நாள் முன்னதாகவே அந்த வேலையைத் தொடங்கிவிட்டேன். தாண்டிப் போன பிறகு ஹாரன் அடித்தான்.

கோர்ட்டுக்குப் போகிற எண்ணம் இப்போதும் இருக்கிறது. ஆனால் வழக்கு மாறிவிட்டது.

ஆகஸ்ட் 7, வியாழன்

கேட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இதிலிருந்து ஒரு நகல் எடுத்து முதலாளிக்குத் தபாலில் அனுப்புவேன். ஒரு வாரத்துக்குள் பதில் வராவிட்டால் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நேரில் போவேன். இனி ஆக வேண்டியவை:

மேனேஜர் பூபதி, என் பெயருக்கு எதிரில் 'பயிற்சி முடித்தவர்' என்று எழுதியிருப்பதை எடுக்க வேண்டும். இதுபோல் டெஸ்ட் இல்லாமல் யார் யாருக்கு சர்டிபிகேட் கொடுத்தாரோ அவர்களை எல்லாம், எந்த ஊரில் இருந்தாலும், லோடு இறக்கியதும் திரும்பக் கூப்பிட வேண்டும்.

முதலாளி, கிளட்ச் வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்குத் தனிப் பயிற்சி வைக்க வேண்டும். பையன்களுக்கு நடத்துவதையே எங்களுக்கும் நடத்தினால் போதாது. எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அதற்கு அதிக நாள் ஆகும். அந்த நாளுக்கும் படி கொடுக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தணிகாசலம், தன் புத்தகத்தில் இல்லாத அந்தப் பாடத்தைத் தானே எழுத வேண்டும். எழுத வராது என்கிறார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதித் தருகிறேன். தினமும் காலையில் அரை மணி நேரம் காலி யார்டில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, சொல்லாமல் கொள்ளாமல் என் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும்.

கவியரசு, அந்த முழங்கையை இந்தூரில் ஒரு டாக்டரிடம் காட்ட வேண்டும். வீட்டில் சொல்லியிருக்கிறானோ இல்லையோ, சொல்ல வேண்டும்.

இனியாவின் அப்பா, எங்கள் மேல் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். விளக்கை மாற்றிக் கொடுத்தால் விஷயம் முடிந்துவிடாது. அவர் கொடுக்க மாட்டார், நல்ல மனிதர். ஆகவே அவர் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை நானும் பாவாயியும் போகிறோம். நாய் குறுக்கே வரவில்லை என்று அவர் முகத்தைப் பார்த்து நான் சொல்ல வேண்டும். பாவாயி பக்கத்தில் நின்றால் போதும், எனக்குப் பதிலாகப் பேசக் கூடாது.

நான், இடது கால் தானாக எழுவது நின்றுவிட்டது என்று தணிகாசலம் கையெழுத்துப் போடுகிற நாள்வரை, யார் வந்து கேட்டாலும், எந்த லோடு நின்றாலும், யார்டைத் தாண்டி வண்டி ஓட்டக் கூடாது.